ஊரிலிருந்து வேலை பார்த்தவர்களை ஆபீசுக்குக் கூப்பிடுகிறார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் 17 வருடமாக மென்பொருள் சோதனை வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் ராஜபாளையம். 2020 மார்ச்சில் ஆபீசைப் பூட்டியபோது ஊருக்குப் போனவள், மூன்றரை வருடம் அங்கிருந்தபடியே பதினோரு பேர் டீமை நடத்தினேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் ஆபீசுக்குத் திரும்ப வேண்டும் என்று மெயில் வந்தது. திங்கட்கிழமை காலை அதை என் டீமுக்கு நானே வாசித்துச் சொன்னேன். ஒருவரும் பேசவில்லை. அந்த அழைப்பு முடிந்ததிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது. டீம் பிள்ளைகள், அவர்களுடைய நண்பர்கள், எங்கள் தெருக்காரர்களின் பிள்ளைகள் என்று எல்லோரும், "அக்கா, இதுக்கு என்ன பண்றது?" என்கிறார்கள். தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. வழக்கு என்று போகும் நிலை வந்தால் தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரைக் கட்டாயம் பாருங்கள்.

2020-க்கு முன்பு தினமும் ஆபீசுக்குப் போய்க்கொண்டுதானே இருந்தீர்கள்? இப்போது போவதில் என்ன கஷ்டம்?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். என் மாமனார்கூடக் கேட்டார்.

2020-க்கு முன்பு எங்கள் வாழ்க்கை ஆபீசைச் சுற்றி அமைந்திருந்தது. துரைப்பாக்கத்திலோ மேடவாக்கத்திலோ வாடகை வீடு, பக்கத்திலேயே பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், காலையில் ஏறுவதற்கு ஒரு கம்பெனி பஸ். ஊரடங்கு முடிந்துவிடும், திரும்பிவிடலாம் என்று ஆறு மாதம் வரை பூட்டிய வீட்டுக்கு வாடகை கட்டினோம். கம்பெனியிலிருந்து, "இனி எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம், இதுதான் எதிர்காலம்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னார்கள். சரி என்று நம்பி வீட்டைக் காலி செய்தோம். சாமான்களை லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோனோம். பிள்ளைகளை ஊர்ப் பள்ளியில் சேர்த்தோம். சிலர் அப்பா அம்மாவோடு சேர்ந்து இருக்க மாடி எடுத்துக் கட்டினார்கள், அதற்கு வீட்டுக் கடனும் வாங்கினார்கள். என் டீமில் ஒரு பையன், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்யும் அப்பாவை மதுரைக்குக் கூட்டிப்போய் அங்கே மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து வேலை பார்த்தான். இரண்டு வருடத்தில் அவனுடைய வேலை ஒரு நாளும் தாமதமானதில்லை.

இப்படி மூன்று வருடமாக மாற்றி அமைத்த வாழ்க்கையை நாலு வாரத்தில் பழையபடி திருப்பச் சொன்னார்கள். கல்வியாண்டின் நடுவில் பிள்ளையை எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும் என்று யாரும் யோசிக்கவில்லை. ஆபீசை யாரும் வெறுக்கவில்லை. அவர்கள் சொன்ன வார்த்தையை நம்பி முடிவெடுத்தோம், அந்த வார்த்தை மாறியபோது செலவு முழுவதும் எங்கள் தலையில் விழுந்தது. கோபம் அங்கிருந்துதான் வருகிறது.

இன்னொன்றும் உண்டு. அடித்துப்பிடித்து ஆபீசுக்குப் போனால், என் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் வேறு புராஜெக்ட். என் டீமில் நாலு பேர் புனேவில், மூன்று பேர் ஹைதராபாத்தில், கிளையண்ட் அமெரிக்காவில். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ராஜபாளையத்தில் எந்தத் திரையைப் பார்த்துப் பேசினேனோ அதே திரையைப் பார்த்துச் சோழிங்கநல்லூரிலும் பேசுகிறேன். இதற்காகவா இரண்டு மணி நேரம் மெட்ரோ பள்ளங்களுக்கு நடுவே வந்தோம் என்று தோன்றத்தான் செய்யும்.

எந்தெந்த நிறுவனங்கள் எப்போது என்ன சொல்லின?

2020-இல் டி.சி.எஸ். நிறுவனம் '25/25' என்று ஒரு திட்டத்தை அறிவித்தது. 2025-க்குள் ஊழியர்களில் 25 சதவீதம் பேர் மட்டும் ஆபீசில் இருந்தால் போதும் என்பது அதன் சாரம். அதே நிறுவனம் 2023 அக்டோபரிலிருந்து வாரத்தில் ஐந்து நாளும் வரச் சொன்னது. 2024 ஏப்ரலில், சம்பளத்தில் கூடிக்குறையும் பகுதியான வேரியபிள் பேயை வருகைப்பதிவோடு இணைத்தார்கள். 60 சதவீதத்துக்குக் கீழே வருகை இருந்தால் அந்தத் தொகையே கிடையாது, 85-ஐத் தாண்டினால்தான் முழுத்தொகை என்று செய்திகள் வந்தன.

விப்ரோ 2023 நவம்பர் 15 முதல் வாரம் மூன்று நாளைக் கட்டாயமாக்கியது. இன்ஃபோசிஸ் 2025 மார்ச்சில், குறிப்பிட்ட நிலைக்குக் கீழே உள்ளவர்கள் மாதம் பத்து நாள் வரவேண்டும் என்று சிஸ்டத்திலேயே கட்டுப்பாடு வைத்தது. காக்னிசன்ட்டும் 2024-இல் வாரம் மூன்று நாள் என்றது, வராதவர்கள் மேல் நடவடிக்கை வரும் என்று எச்சரித்தது. அமெரிக்காவில் அமேசான் 2025 ஜனவரி 2 முதல் ஐந்து நாளும் வரச் சொன்னது.

உங்கள் கம்பெனி இந்தப் பட்டியலில் இல்லாவிட்டாலும், பெரிய கம்பெனிகள் எடுத்த முடிவைப் பார்த்துத்தான் சின்ன கம்பெனிகளும் நடக்கின்றன.

ஏன் கூப்பிடுகிறார்கள்? உண்மையான காரணம் என்ன?

ஒரே காரணம் கிடையாது. எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

முதலாவது, சிறப்புப் பொருளாதார மண்டலம். சோழிங்கநல்லூர் எல்காட், சிறுசேரி சிப்காட் போன்ற இடங்களில் பல ஆபீஸ்கள் இந்த மண்டலங்களுக்குள் இருக்கின்றன. வரிச்சலுகை கொடுத்த அரசு, வேலை அந்த வேலிக்குள்ளே நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது. 2022 ஜூலையில் மத்திய வர்த்தக அமைச்சகம் 43ஏ என்ற விதியைக் கொண்டுவந்து, பாதிப் பேர் வரை ஒரு வருடம் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்றது. அந்த வருட டிசம்பரிலேயே அதைத் தளர்த்தி, எல்லோருக்கும் அனுமதிக்கலாம் என்று 2023 கடைசி வரை நேரம் கொடுத்தது, பிறகு மேலும் நீட்டித்தது. ஆகவே, "அரசாங்கம் சொல்லிவிட்டது, எங்கள் கையில் ஒன்றுமில்லை" என்று 2023-இல் உங்கள் எச்.ஆர். சொல்லியிருந்தால் அது முழு உண்மை கிடையாது. அனுமதி கேட்க வழி இருந்தது.

அடுத்தது கிளையண்ட். வங்கி, காப்பீடு, மருத்துவத் தகவல்களைக் கையாளும் சில புராஜெக்ட்களில் தனி அறை, போன் கொண்டுபோகத் தடை என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். இது நியாயமான காரணம், நானும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட புராஜெக்ட் எது என்று பெயர் சொல்லிக் கூப்பிடலாமே. எல்லோரையும் ஒரே மெயிலில் கூப்பிடத் தேவையில்லை.

மூன்றாவது, சந்தேகம். 2022 செப்டம்பரில், வேறு நிறுவனத்துக்கும் மறைவாக வேலை பார்த்தார்கள் என்று 300 பேரை விப்ரோ நீக்கியது. அந்தச் செய்திக்குப் பிறகு வீட்டில் இருக்கிற எல்லோரையும் அதே கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள்.

நான்காவதைத்தான் யாரும் வெளியே சொல்வதில்லை. வேலை குறைந்த காலத்தில் ஆட்களை நீக்கினால் செய்தி ஆகும், பேர் கெடும். ஆபீசுக்கு வா என்றால் சிலர் தாமாகவே போய்விடுவார்கள். உங்கள் கம்பெனி இந்த எண்ணத்தோடுதான் கூப்பிடுகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஊரில் வீடு கட்டியவர்களும், கைக்குழந்தைக்காரர்களும், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்களும்தான் முதலில் போகிறார்கள். இது கூப்பிடுகிறவர்களுக்குத் தெரியாமல் இருக்காது.

வீட்டிலிருந்தால் வேலை குறைகிறது என்கிறார்களே, அது உண்மையா?

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூம் இதைப் பல வருடமாக ஆராய்கிறார். சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து ஆறு மாதம் ஒரு சோதனை நடந்தது. ஒரு பாதிக்கு வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, இன்னொரு பாதிக்கு ஐந்து நாளும் ஆபீஸ். அதன் முடிவு 2024-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. வேலைத்திறனிலும் பதவி உயர்விலும் இரு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வேலையை விட்டுப் போகிறவர்கள் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். பெண்களிடமும் தொலைவிலிருந்து வருகிறவர்களிடமும் அது நன்றாகத் தெரிந்தது. சோதனைக்கு முன்பு, இதனால் வேலை கெடும் என்று நினைத்த மேனேஜர்கள் பிறகு கருத்தை மாற்றிக்கொண்டார்கள்.

அதே நிறுவனத்தில், அப்போது அதற்கு சிட்ரிப் என்று பெயர், பல வருடம் முன்பு கால் சென்டர் ஊழியர்களிடம் வேறொரு சோதனை நடந்தது. நாலு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்கள் 13 சதவீதம் அதிகமாக வேலை முடித்தார்கள். பிறகு, யாருக்கு எது வேண்டுமோ தேர்ந்தெடுங்கள் என்று விட்டபோது சோதனையில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் இடம் மாறினார்கள். சிலருக்கு வீட்டில் தனிமை தாங்கவில்லை. அப்படி அவரவர் விருப்பத்துக்கு விட்டபின் பலன் 22 சதவீதத்தை நெருங்கியது. நான் எங்கே போனாலும் சொல்வது இந்த இரண்டாவது எண்ணைத்தான். வீடா ஆபீசா என்ற சண்டையைவிட, ஆளைக் கேட்டு முடிவெடுப்பது முக்கியம் என்று அது காட்டுகிறது.

கட்டாயப்படுத்தியதால் லாபம் கூடியதா என்று கேட்டால், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கப் பங்குச்சந்தையில் உள்ள பெரிய நிறுவனங்களை வைத்துச் செய்த ஆய்வில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. ஊழியர்களின் திருப்திதான் குறைந்திருந்தது.

அப்படியானால் ஆபீசால் ஒரு நன்மையும் இல்லையா?

இருக்கிறது. இதை மறைத்துப் பேசினால் நம் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள். மைக்ரோசாஃப்ட் தன் அமெரிக்க ஊழியர்கள் 61,000-க்கும் மேற்பட்டவர்களின் தொடர்புகளைப் பார்த்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், எல்லோரும் வீட்டுக்குப் போனபின் டீம்கள் தமக்குள்ளேயே சுருங்கிவிட்டன, வேறு டீம்களோடு பேச்சு குறைந்தது என்று வந்தது. மென்பொருள் பொறியாளர்களைப் பற்றிய வேறொரு ஆய்வு, பக்கத்தில் உட்கார்ந்தால் புதியவர்களுக்குத் திருத்தங்களும் ஆலோசனைகளும் அதிகம் கிடைக்கின்றன என்றது.

என் அனுபவமும் அதுதான். 2021-இல் கல்லூரி முடித்து என் டீமில் சேர்ந்த ஒரு பெண், ஒரு சின்ன பிழையோடு இரண்டு நாள் தனியாகப் போராடியிருக்கிறாள். "உங்களத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு நினைச்சேன் அக்கா" என்றாள். பக்கத்து நாற்காலியில் இருந்திருந்தால் அவள் முகத்தைப் பார்த்தே கேட்டிருப்பேன். புதியவர்களுக்கு முதல் வருடம் ஆபீஸ் தேவை, அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மூத்தவர்களும் அதே நாளில் இருக்க வேண்டும். மாதம் ஒரு வாரம் டீம் முழுவதும் ஒரே இடத்தில் கூடினால் இதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். தினமும் வெவ்வேறு மாடியில் தனித்தனியாக உட்காருவதில் அது கிடைப்பதில்லை.

பஸ் டிரைவரும் நர்ஸும் தினமும் போகத்தானே செய்கிறார்கள்? உங்களுக்கு மட்டும் என்ன சலுகை?

அவர்கள் வேலை அங்கேதான் இருக்கிறது. அவர்களுக்குப் பயண நேரம் குறைய வேண்டும், வேலை நேரம் சீராக வேண்டும் என்று கேட்டால் நான் அவர்கள் பக்கம் நிற்பேன். ஐ.டி. ஆபீஸ்கள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலையில் எங்கள் கார்களும் பைக்குகளும் குறைந்தால் அந்த பஸ் டிரைவருக்கும் நல்லதுதான்.

ஆபீசுக்கு வரமாட்டேன் என்று சட்டப்படி மறுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. வீட்டிலிருந்து வேலை பார்க்க ஊழியருக்கு உரிமை உண்டு என்று சொல்லும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 6 முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே நெகிழ்வான வேலைமுறை கேட்கும் உரிமை இருக்கிறது. அதுவும் கேட்கும் உரிமைதான், கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை.

இங்கே உங்கள் ஆஃபர் லெட்டரையும் அப்பாயின்ட்மென்ட் லெட்டரையும் முதலில் எடுத்துப் படியுங்கள். வேலை செய்யும் இடம் என்ற வரியில் சென்னை என்று இருந்தால், கம்பெனி கூப்பிடலாம். நிறைய கடிதங்களில், "இந்தியாவில் எந்தக் கிளைக்கும் மாற்றலாம்" என்றும் ஒரு வரி இருக்கும். "தொலைதூரப் பணி" என்று தெளிவாக எழுதியிருந்தால் கதை வேறு, அது ஒப்பந்தத்தின் நிபந்தனை. அதை மாற்ற உங்கள் சம்மதம் வேண்டும் என்று வாதாட முடியும். 2021, 2022-இல் சேர்ந்தவர்களில் சிலருக்கு இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அவர்களே அதைக் கவனிக்கவில்லை.

"நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை" என்று வாயால்தான் சொன்னார்கள். அதற்கு மதிப்பு உண்டா?

சாட்சி இல்லாவிட்டால் மதிப்பு குறைவு. வேலைக்கு எடுத்தவர் அனுப்பிய மெயில், வேலை விளம்பரத்தின் படம், எல்லோருக்கும் வந்த அறிவிப்பு, எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். ஆனால் கம்பெனியின் ரகசிய ஆவணங்களைச் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள், அதையே காரணம் காட்டி நீக்கிவிடுவார்கள். உங்கள் வேலை நிபந்தனை பற்றி உங்களுக்கு வந்த கடிதங்களின் நகல் போதும்.

கைக்குழந்தை இருக்கிறது. ஏதாவது வழி உண்டா?

உண்டு. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். 26 வார விடுப்பு முடிந்த பிறகும், வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இருவரும் ஒத்துக்கொள்ளும் காலத்துக்கும் நிபந்தனைக்கும் உட்பட்டு வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதிக்கலாம் என்று அதில் இருக்கிறது. இப்போது அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது, ஏற்பாடு அப்படியேதான் இருக்கிறது. 'அனுமதிக்கலாம்' என்ற சொல்தான் அதன் பலவீனம். ஆனாலும் வாயால் கெஞ்சுவதைவிட இந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்டால் எச்.ஆர். பதிலை யோசித்துத்தான் எழுதுவார்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பதும் அதே சட்டம். ஆபீசுக்கு வரச் சொல்லும் மெயிலுக்குப் பதிலாக, "காப்பகம் எந்த மாடியில், எத்தனை மணி வரை?" என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தங்கை இப்படித்தான் கேட்டாள். காப்பகம் ஆபீசிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அவளுக்கு எட்டு மாதம் நீட்டிப்பு கிடைத்தது.

மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, சம வாய்ப்புக் கொள்கை ஒன்றைத் தனியார் நிறுவனங்களும் வைத்திருக்க வேண்டும். உங்கள் கம்பெனியின் கொள்கையைக் கேட்டு வாங்குங்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பதை உங்களுக்குத் தேவையான வசதியாகக் குறிப்பிட்டு, மருத்துவச் சான்றோடு விண்ணப்பியுங்கள். என்னைக் கேட்டால், இவர்களுக்கெல்லாம் விலக்கு வேண்டும் என்று விண்ணப்பம் போட வைப்பதே தவறு. மூன்று வருடம் வீட்டிலிருந்து நன்றாக வேலை பார்த்தவரை மறுபடியும் நிரூபிக்கச் சொல்லக் கூடாது.

சென்னைக்குத் திரும்பினால் செலவு எவ்வளவு கூடும்? கம்பெனியிடம் கேட்கலாமா?

கட்டாயம் கேளுங்கள். கணக்கை எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். வாடகை, அட்வான்ஸ், சாமான் லாரி, பிள்ளைக்குப் புதுப் பள்ளிக் கட்டணம், ஊரில் ஏற்கெனவே கட்டிவிட்ட கட்டணம். உதாரணமாக மாதம் 20,000 ரூபாய் வாடகை வீடு என்று வைத்துக்கொள்வோம். பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழக்கம் சென்னையில் இன்னும் போகவில்லை. அப்படிக் கேட்டால் சாவி வாங்கும் முன்பே இரண்டு லட்சம் வேண்டும். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது. வீட்டுக்காரரிடம் இதைப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள், சிலர் குறைத்துக்கொள்கிறார்கள்.

வீட்டு வாடகைப்படிக்கு வரிவிலக்கு வரும், சமாளிக்கலாம் என்பார்கள். அது பழைய வரிமுறையில்தான். புதிய வரிமுறைக்கு மாறியிருந்தால் அந்த விலக்கு கிடையாது.

குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தான் மட்டும் பி.ஜி. விடுதியில் தங்குகிறவர்கள் நிறைய. ஞாயிறு ராத்திரி ஊரிலிருந்து பஸ் ஏறி, விடிகாலை கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து ஓ.எம்.ஆர். போய்க் குளித்துவிட்டு ஒன்பது மணிக்கு ஆபீஸ் கதவில் அடையாள அட்டையை ஸ்வைப் செய்கிறார்கள். பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்பே திறந்துவிடும். எந்த வாரம் எந்த நாள் வர வேண்டும் என்று கம்பெனி பத்து நாளைக்கு முன்பு சொன்னால் டிக்கெட்டுக்கு எங்கே போவது? வரும் நாட்களை இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லுங்கள் என்று கேட்பது கம்பெனிக்கு ஒரு பைசா செலவில்லாத கோரிக்கை. எங்கள் டீமில் இதை வாங்கினோம்.

ஸ்வைப் செய்து காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடலாமா?

வேண்டாம். உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் இரண்டுமே பதிவாகின்றன. அடையாள அட்டையை நண்பரிடம் கொடுத்து ஸ்வைப் செய்யச் சொல்வது இன்னும் மோசம், இரண்டு பேர் வேலையும் போகும். நம் பக்கம் நியாயம் இருக்கும்போது அதை இப்படிக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

மேனேஜரிடம் எப்படிக் கேட்பது?

நேரில் அல்லது அழைப்பில் முதலில் பேசுங்கள், அப்புறம் பேசியதை மெயிலாக அனுப்புங்கள். என் டீம் பையனுக்கு நான் எழுதிக் கொடுத்தது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"கடந்த 24 மாதங்களில் எனக்குக் கொடுத்த வேலைகளையும் முடித்த தேதிகளையும் இணைத்திருக்கிறேன். என் தந்தைக்கு வாரம் மூன்று நாள் சிகிச்சை நடக்கிறது, மருத்துவச் சான்று இணைப்பில். மாதம் ஒரு வாரம் தொடர்ந்து ஆபீசுக்கு வர நான் தயார். மற்ற நாட்களில் ஊரிலிருந்து வேலை பார்க்க ஆறு மாதத்துக்கு அனுமதி கேட்கிறேன். ஆறு மாதம் கழித்து என் வேலையைப் பார்த்து முடிவெடுக்கலாம்."

கோபம் ஒரு வரியிலும் இல்லை, பொய்யும் இல்லை. 'முடியாது' என்று தொடங்காமல் 'இவ்வளவு முடியும்' என்று தொடங்கியதால் மேனேஜர் அதை மேலே அனுப்ப முடிந்தது. பதில் வர ஐந்து வாரம் ஆயிற்று. முதலில் மூன்று மாதம் கொடுத்தார்கள்.

மேனேஜர் நல்லவராக இருந்தும் அவர் கையில் அதிகாரம் இல்லாமல் போவதும் நடக்கிறது. அவரோடு சண்டை போட வேண்டாம். யாரிடம் அதிகாரம் இருக்கிறது என்று அவரையே கேளுங்கள்.

"வரமுடியாவிட்டால் ராஜினாமா எழுதிக் கொடு" என்கிறார்கள்.

உடனே எழுதாதீர்கள். அறையில் உட்காரவைத்து, லேப்டாப்பைத் திறந்துவைத்து, "இப்போதே அனுப்பிவிடு, ரிலீவிங் லெட்டர் நல்லபடியாகத் தருகிறோம்" என்பார்கள். ஒரு நாள் அவகாசம் கேட்டு எழுந்து வாருங்கள். நீங்களாகப் போவதற்கும் அவர்கள் நீக்குவதற்கும் சட்டத்தில் பெரிய வித்தியாசம் உண்டு.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமல், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தராமல் நீக்கக் கூடாது. ஒழுங்கு நடவடிக்கை என்றால் விசாரணை வேண்டும். மேல்முறையீடும் செய்யலாம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. ஆனால் விசிட்டிங் கார்டில் 'மேனேஜர்' என்று போட்டிருப்பதால் மட்டும் ஒருவர் நிர்வாகி ஆகிவிட மாட்டார், செய்யும் வேலையைத்தான் பார்ப்பார்கள்.

அதே சமயம், தகவல் சொல்லாமல் வராமல் இருந்துவிடாதீர்கள். வேலையைக் கைவிட்டதாக எழுதிவிடுவார்கள். வர முடியாத ஒவ்வொரு நாளுக்கும் மெயில் இருக்கட்டும்.

நீங்களே முடிவெடுத்து விலகுகிறீர்கள் என்றால், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்புப்படி பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலைநாளுக்குள் தர வேண்டும். 45 நாள் ஆகும் என்று வழக்கம்போலச் சொன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள்.

ஐ.டி. ஊழியர்கள் சங்கத்தில் சேரலாமா? சேர்ந்தால் வேலை போகாதா?

சேரலாம். ஐ.டி. ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம், அப்போது நடைமுறையில் இருந்த தொழிற்தகராறுச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. பயம் இருக்கத்தான் செய்யும், எனக்கும் இருந்தது. உறுப்பினர் ஆகாமலே ஆலோசனை கேட்கலாம். ராஜினாமாவை வற்புறுத்தி வாங்கும் விஷயத்தில் தொழிலாளர் துறையில் மனு போடுவது எப்படி என்று சங்கத்தில் இருப்பவர்களுக்கு அத்துப்படி.

சங்கம் வேண்டாம் என்றாலும், தனியாகக் கேட்காதீர்கள். என் டீமில் ஏழு பேர் ஒரே மெயிலில் கையெழுத்துப் போட்டுக் கேட்டதுதான் அந்த இரண்டு மாத அட்டவணை. ஒருவர் கேட்டிருந்தால் அவர் பிரச்சினைக்காரர் என்று பேர் வாங்கியிருப்பார்.

ஊர்ப் பக்கமே வேலை கிடைக்க வாய்ப்பு இருக்கிறதா?

முன்பைவிட இருக்கிறது. சோஹோ நிறுவனம் தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் பல வருடமாக ஆபீஸ் நடத்துகிறது, வேறு சிற்றூர்களிலும் கிளைகள் வைத்திருக்கிறது. விழுப்புரம், தஞ்சாவூர், சேலத்தில் 2024-இல் 'டைடல் நியோ' பூங்காக்களை அரசு திறந்தது. மதுரையிலும் கோவையிலும் முன்பிருந்தே ஐ.டி. பூங்காக்கள் உண்டு. சம்பளம் சென்னையைவிடக் குறையலாம். வாடகையையும் பஸ் காசையும் கழித்துவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் கம்பெனிக்கே மதுரையிலோ கோவையிலோ கிளை இருந்தால், அங்கே உட்கார அனுமதி கேளுங்கள். ஸ்வைப்தான் வேண்டும் என்றால் அங்கேயும் கதவு இருக்கிறது. இந்தக் கோரிக்கை பல இடங்களில் ஏற்கப்பட்டிருக்கிறது.

நான் டீம் லீட். மேலிடம் சொன்னதை டீமிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. என்ன செய்வது?

நானும் அந்த இடத்தில் இருந்தேன். மெயிலை அப்படியே வாசித்துவிட்டு, "ஏதாவது கேள்வி?" என்று கேட்டேன். அதைவிட மோசமாக ஒருவர் அந்தச் செய்தியைச் சொல்ல முடியாது. இன்றைக்கு என்றால் அழைப்புக்கு முன்பே பதினோரு பேரிடமும் தனித்தனியாகப் பேசியிருப்பேன். யார் வீட்டில் என்ன நிலைமை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதோடு மேலே போய், இந்த மூன்று பேருக்குக் கல்வியாண்டு முடியும் வரை, இவருக்கு அப்பாவின் சிகிச்சைக்காக, இவருக்குக் குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை என்று பெயர் பெயராகக் கேட்டிருப்பேன். அந்தத் தாளை நான் தாமதமாகத்தான் எழுதினேன், அதற்குள் டீமில் இரண்டு பேர் விலகிவிட்டிருந்தார்கள். மீதி ஒன்பது பேரில் ஆறு பேருக்கு நேரம் வாங்க முடிந்தது.

நீங்கள் இந்த வாரமே எழுதுங்கள்.